வீகன் விருந்தாளிக்கு நெய்யையும் தயிரையும் எடுத்து வைத்தால் போதுமா?

கோவை கிருத்திகா:
நம் சமையல் மன்றத்தின் பக்கத்து இழையில் மயிலை மாமி போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வீகன் என்பவர் பால், தயிர், நெய் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர். அப்படியே இங்கே ஒட்டுகிறேன்:

> "வீகன் விருந்தாளி வந்தா தனியா ஒண்ணும் பண்ண வேண்டாம். நம்மாத்துச் சமையல் முக்கால்வாசி வீகன்தான். நெய், தயிர் ரெண்டையும் எடுத்து வெச்சுட்டா ஆச்சு. பாயசத்துக்குப் பாலுக்குப் பதிலா தேங்காய்ப்பால். வெல்லத்தை மட்டும் இறக்கி ஆறினப்புறம் போடணும், இல்லேன்னா திரிஞ்சுடும்."

ஆகாது மாமி. வத்தக்குழம்பில் போடும் சுண்டைவற்றல் எதில் ஊறிக் காய்ந்தது? உப்புப் போட்ட மோரில். மணத்தக்காளி வற்றல், கொத்தவரை வற்றல், மோர்மிளகாய் எல்லாமே பெரும்பாலும் அந்தக் கணக்குத்தான். வாழைப்பூவும் வாழைத்தண்டும் கறுக்காமல் இருக்க நறுக்க நறுக்க மோர்த்தண்ணீரில் போடுகிறோம். ரவா தோசை மாவில் புளித்த மோர். ஜாங்கிரிக்கும் பாதுஷாவுக்கும் பாகு காய்ச்சும்போது அழுக்கு திரண்டு மேலே வரட்டும் என்று ஒரு கரண்டி பால் விடுகிறார்கள். நுரையை எடுத்து எறிந்தாலும் பால் விட்ட பாகு பால் விட்ட பாகுதான்.

மாற்று இல்லாமல் இல்லை. பச்சைச் சுண்டைக்காயை நசுக்கி, விதை போக அலசி, நல்லெண்ணெயில் சுருள வதக்கிக் குழம்பில் போடலாம். வாழைப்பூவை நீர்க்கக் கரைத்த புளித்தண்ணீரில் போட்டாலும் கறுக்காது. பாகில் அழுக்கு வந்தால் அடுப்பைக் குறைத்து ஓரத்தில் ஒதுங்கும் நுரையைக் கரண்டியால் வழித்தால் போதும்; நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பாகு பூக்காமலும் இருக்கும். ஆனால் இதையெல்லாம் யோசிக்க வேண்டும். "எடுத்து வெச்சுட்டா ஆச்சு" என்று எழுதினால் அதை நம்பிச் சமைப்பவர் விருந்தாளி முன்னால் தலைகுனிவார்.

மயிலை மாமி:
வத்தலை எண்ணிண்டு உக்காந்தா சமையல் நடக்காதும்மா. காஞ்ச வத்தல்ல மோர் எங்கே இருக்கு? பாயசத்துக்கு வழி சொன்னேனே, அதுல என்ன தப்பு? அதைச் சொல்லு.

பந்தி மாஸ்டர்:
நான் சொல்றேன் மாமி. அந்தக் கடைசி வரிதான் தப்பு. வெல்லத்தால தேங்காய்ப்பால் திரியாது. கொதியாலதான் திரியும். ஆறின பாயசத்துல வெல்லம் போட்டா பருப்பு ஒரு பக்கம், இனிப்புத் தண்ணி ஒரு பக்கம்னு நிக்கும். பாகு கொதிக்காததால வெல்லத்தோட பச்சை வாசனையும் போகாது. அப்படி ஒரு பாயசத்தை விருந்தாளிக்கு ஊத்திட்டு, வீகன் சாப்பாடுன்னா இப்படித்தான் இருக்கும்னு வேற பேசுவாங்க.

10, 12 பேருக்கு அளவு எழுதறேன். பாசிப்பருப்பு 200 கிராம், வாசம் வர வெறுஞ்சட்டியில வறுக்கணும். வெல்லம் 400 கிராம், ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சு, மண்ணும் கரும்புச் சக்கையும் போக வடிகட்டணும். முத்தின தேங்காய் 2. துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரைச்சுப் பிழிஞ்சா முதல் பால். அதே சக்கையில ரெண்டு டம்ளர் விட்டுப் பிழிஞ்சா ரெண்டாம் பால். இன்னும் ரெண்டு டம்ளருக்கு மூணாம் பால்.

பருப்பை மூணாம் பால்ல குழைய வேகவெச்சு மசிக்கணும். வெந்த பருப்புலதான் வெல்லப்பாகு போகணும்; முன்னாடியே போட்டா பருப்பு விறைச்சுடும், அப்புறம் வேகவே வேகாது. பாகோட அஞ்சு நிமிஷம் கொதிக்கட்டும். பிறகு ரெண்டாம் பால், தாராளமா கொதிக்கலாம். கெட்டியானதும் அடுப்பை அணைச்சு, குமிழி முழுசா அடங்கின பிறகு முதல் பால், ஒரு கிண்டு. திரும்ப அடுப்புக்குப் போகக் கூடாது. சுக்கும் ஏலமும் அப்போ. முந்திரியும் தேங்காய்ப் பல்லும் நெய்க்குப் பதிலா தேங்காய் எண்ணெய்ல வறுத்தது. இதுல வெல்லம் எங்கே திரிய வெச்சது, காட்டுங்க.

மயிலை மாமி:
வெல்லம் போட்டுப் பாலைக் கொதிக்க வெச்சா திரியும்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். நீங்க பெரிய மாஸ்டரா இருங்கோ, பால் உங்களுக்குப் பயந்துண்டு திரியாம இருக்காது.

பந்தி மாஸ்டர்:
அது பசும்பால் மாமி. பசும்பால்ல கேசின்னு ஒரு புரதம் இருக்கு. வெல்லத்துல லேசான புளிப்பும் உப்புக்களும் இருக்கு. பால் சூடா இருக்கும்போது அந்தக் கொஞ்சம் புளிப்பே கேசினைத் திரட்டிடும். அதனாலதான் பால் விடற வெல்லப் பாயசத்துக்கு ரெண்டையும் ஆறவெச்சுச் சேர்க்கச் சொன்னாங்க. தேங்காய்ப்பால்ல கேசின் கிடையாது. இருக்கறது எண்ணெய்த் துளியும், அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம சுத்தி நிக்கற தேங்காய்ப் புரதமும். கெட்டியான முதல் பால்ல 80 டிகிரி பக்கம் சூடு ஏறினா அந்தப் புரதம் கட்டிப்படும், எண்ணெய் பிரிஞ்சு மேலே மிதக்கும். காரணம் சூடு. வெல்லம் இல்லை. பசும்பாலுக்கு எழுதின விதியைத் தேங்காய்ப்பாலுக்கு ஒட்டினா அது பாட்டி வைத்தியம், சமையல் இல்லை.

மயிலை மாமி:
பாட்டியை இழுக்க வேண்டாம். மோர்க்குழம்பு இழையிலயும் இதே மாதிரிதான் பேசினேள். மறக்கலை.

நெல்லைச்சீமை:
மாஸ்டர் அண்ணாச்சி சொல்லுததுதான் சரி. எங்க மாப்பிள்ளைச் சொதியில, அதான் தேங்காய்ப்பால்ல வைக்குத காய்க்குழம்புல, வெல்லம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. ஆனா முதல் பாலை ஊத்திட்டுக் கொதிக்க விட்டா திரியும். அதனாலதான் காய் ரெண்டாம், மூணாம் பால்ல வேகும், பாசிப்பருப்பு தனியா வெந்து சேரும், முதல் பால் கடைசியில. எலுமிச்சையை இறக்கி வெச்ச பிறகுதான் பிழியணும். கொதிக்குத சட்டியில பிழிஞ்சா எல்லாம் போச்சு.

வீகன் விருந்தாளிக்குச் சொதியைவிட வேற என்ன வேணும்? தாளிப்பைத் தேங்காய் எண்ணெய்ல முடிச்சா ஒரு சொட்டு நெய் வேண்டாம். தொட்டுக்க இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். மாமியும் கிருத்திகாவும் வத்தக்குழம்புல மாட்டிக்கிட்டு நிக்கீங்க.

சுக்குமல்லி:
ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு வீகன் தோழி வருகிறார், மொத்தம் எட்டுப் பேர். முதலில் ஒன்றைத் தெளிவாக்குங்கள்: வீகன் என்றால் எதெல்லாம் விலக்கு? தேன் சேருமா? தயிர் சாதத்துக்கு, காபிக்கு என்ன செய்வது?

யாழ்ப்பாணத்தான்:
முதல் பால் விட்டால் கொதிக்கவே கூடாது எண்டு மாஸ்டர் அண்ணை சொல்லுறது பிழை. எங்கட சொதிக்கு வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் தண்ணிப்பாலில அவிஞ்சாப் பிறகு முதல் பாலை விட்டு, கை எடுக்காமல் துழாவிக்கொண்டே ஒரு கொதி வர இறக்குறது. துழாவாமல் விட்டால்தான் திரையும். பிறகு தேசிக்காய்ப் புளி, அதுதான் எலுமிச்சைச் சாறு. கொதிக்கக் கூடாது எண்டில்லை, கரண்டி நிக்கக் கூடாது.

பந்தி மாஸ்டர்:
தம்பி, "ஒரு கொதி"ங்கறது ஓரத்துல முத்து முத்தா வர்றதா, நடுவுல பொங்கறதா? நீங்க சொல்றது முதலாவது. துழாவும்போது அடிச் சூடு ஒரே இடத்துல நிக்காது, அதனால தாங்குது. நாலு பேருக்கான சட்டியில அது நடக்கும். ரெண்டு தேங்காய்ப் பாயசம் கனமான உருளியில இருக்கும்போது அடுப்பை அணைச்சாலும் அடிச்சூடு விடாது. உருளியை நம்பி "ஒரு கொதி" காட்டினா எண்ணெய் மிதக்கும். அதனால திரும்பவும் சொல்றேன், கொதிக்கக் கூடாது.

மாமிக்கு இன்னொரு சாட்சி. அடைப் பிரதமன்னு கேரளாவுல ஒரு தேங்காய்ப்பால் இனிப்பு. அதுல வெந்த அடையை, அதாவது அரிசி மாவுத் துண்டை, வெல்லப்பாகிலேயே வரட்டி, அது மேலதான் ரெண்டாம் பால் விட்டு நல்லாக் கொதிக்க வைக்கறாங்க. வெல்லத்தோடவே கொதிக்குது. கேரளா முழுக்க ஓணத்துக்கு அப்படித்தான் நடக்குது. திரியலை.

மயிலை மாமி:
அது பிரதமன். நான் சொன்னது பாயசம். வெல்லம் போட்டா திரியும்.

நெல்லைச்சீமை:
யாழ்ப்பாணத்து அண்ணாச்சி சொதியைப் பத்திப் பாடம் எடுக்காரு. பருப்பு போடாம, காய் போடாம வெறும் வெங்காயத் தண்ணி வெச்சா அது சொதியா? அதுவும் போக, உங்க சம்பல்ல மாசிக்கருவாடு கிடக்கும். வீகன் விருந்தாளிக்கு நீங்க வழி சொல்லுதீங்க!

யாழ்ப்பாணத்தான்:
மாசி போடுறது போடுறவையின்ர விருப்பம். எங்கட சைவ வீடுகளிலயும் விரத நாளிலயும் இடிச்ச சம்பல் மாசி இல்லாமல்தான் வரும்: செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்), உப்பு, சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ (துருவல்), கடைசியில தேசிக்காய்ப் புளி. கடையில வாங்கிற போத்தல் சம்பலில மாசி இருக்கும், அதைப் பார்த்து வாங்கவேணும். சொதியில பருப்புப் போட்டால் அது பருப்புக்கறி. இடியப்பத்துக்கு ஊத்துறது தண்ணியாத்தான் இருக்கவேணும், சோத்துக்குக் குழைக்கிற உங்கட குழம்போட ஒப்பிடாதேங்கோ.

லேபிள் பார்ப்பவன்:
சொதிச் சண்டை போதும். யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். விருந்து என்றால் பாதிப் பேர் தேங்காய் துருவுவதில்லை, தேங்காய்ப்பால் பொடி வாங்குகிறார்கள். சில பொடிகளில் சோடியம் கேசினேட் சேர்ந்திருக்கும். அது பாலிலிருந்து எடுப்பது. கொழுப்பு தண்ணீரில் பிரியாமல் கரைவதற்காகப் போடுகிறார்கள். பொட்டலத்தின் முன்பக்கத்தில் தேங்காய்ப் படம், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பால் புரதம். "நான்-டெய்ரி" என்று விற்கும் காபி க்ரீமரிலும் இதே கேசினேட் வரும்.

பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது சைவத்துக்கு, பாலும் தேனும் அதற்குள் அடங்கும். வீகனுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022-இல் தனி விதிமுறை கொண்டுவந்து, இலையோடு கூடிய பச்சை "வி" முத்திரை கொடுத்திருக்கிறது. முத்திரை இல்லாவிட்டால் மூலப்பொருள் வரியைப் படியுங்கள்: கேசினேட், வே பவுடர், மில்க் சாலிட்ஸ், லாக்டோஸ், பட்டர் ஆயில் எல்லாமே பாலிலிருந்து வருபவை. அடியில் ஒவ்வாமைக் குறிப்பில் "பால் உள்ளது" என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பிரெட், பிஸ்கட், மார்ஜரின், சில சூப் பொடிகள் எல்லாவற்றையும் இப்படிப் பார்க்க வேண்டும்.

பந்தி மாஸ்டர்:
பாத்தீங்களா மாமி! பொடியில கேசின் இருந்தா அது வெல்லத்துக்குத் திரியலாம். அதைப் பாத்துட்டுத்தான் தேங்காய்ப்பால் வெல்லத்தால திரியுதுன்னு ஊருக்கே சொல்றாங்க. திரிஞ்சது தேங்காய்ப்பால் இல்லை, உள்ளே ஒளிஞ்சிருந்த பசும்பால்.

மயிலை மாமி:
நம்மாத்துல பொடி கிடையாது. தேங்காய்ப் பாலைக் கல்லுரல்ல அரைச்சு எடுக்கறவா நாங்க. அதுலயும் வெல்லம் போட்டா திரியும்.

பந்தி மாஸ்டர்:
எப்போ பிழிஞ்ச பால்? காலைல பிழிஞ்சு அடுப்பு மேடையில வெச்சுட்டு மத்தியானம் விட்டா, வெயில் காலத்துல மூணு நாலு மணி நேரத்துலயே புளிப்புத் தட்டிடும். புளிச்ச பால் சூடு பட்டதும் திரியும். கடைசி நேரத்துல பிழியணும், இல்லேன்னா ஃபிரிட்ஜ்ல வெச்சு, வெளிய எடுத்துக் குளிர் விட்ட பிறகு சேர்க்கணும். குளிர்ந்த பாலைக் கொதிக்கற பாயசத்துல கொட்டினாலும் கொழுப்பு கட்டிகட்டியா மிதக்கும். தேங்காயையும் பாக்கணும். அழுகல் ஒரு ஓரம் இருந்தாலும் காறல் வந்துடும். இளந்தேங்காய்ல பால் நீர்த்துப் போகும். குலுக்கினா தண்ணி ஆடற, ஓடு கறுத்த முத்தல்தான் வேணும். இவ்வளவு காரணம் இருக்கும்போது பாவம் வெல்லத்து மேல பழி போடறீங்க.

நெல்லைச்சீமை:
ஒரு ஸ்பூன் அரிசி மாவை ரெண்டாம் பால்ல கரைச்சு விட்டா திரியவே திரியாது. இதுக்குப் போயி இவ்வளவு நீளப் பேச்சா?

பந்தி மாஸ்டர்:
அரிசி மாவு கடைக்காரன் வேலை. பாயசம் ஆற ஆறக் கூழாயிடும், நாக்குல மாவு ஒட்டும். பாலைச் சரியா சேர்க்கத் தெரியாதவங்களுக்குத்தான் மாவு வேணும்.

நெல்லைச்சீமை:
அப்படின்னா எங்க ஊருல மாவு கரைச்சு விடுதவங்களுக்கெல்லாம் சமைக்கத் தெரியாதோ? வார்த்தையை அளந்து பேசும் அண்ணாச்சி. முதல்ல உம்ம பக்கம்தானே பேசுனேன்.

கோவை கிருத்திகா:
விருந்தில் தவறு நடக்கிற இடம் அடுப்பு மட்டுமல்ல, பரிமாறும் இடமும்தான். பருப்பைப் போட்ட கையோடு நெய்க்கிண்ணம் வரும், கேட்காமலே விழும். நெய்க்கிண்ணத்தைப் பந்திக்கே கொண்டுவராமல் கேட்பவர்களுக்கு மட்டும் உள்ளிருந்து கொடுங்கள். வீகன் இலைக்குப் பருப்பின் மேல் நல்லெண்ணெய். ரசத்துக்கும் சாம்பாருக்கும் தாளிப்பே எண்ணெயில் முடியட்டும். எல்லோருக்கும் ஒரே பாத்திரம் ஆகிவிடும், கரண்டி மாறிப்போகும் பயம் இல்லை. அவியலில் தயிரை விட்டுவிட்டு மாங்காயோ புளியோ போடுங்கள், நாஞ்சில் நாட்டுப் பக்கம் அப்படிச் செய்வதுண்டு. தேங்காய்-சீரக விழுது பச்சை வாசனை போகும் அளவுக்கு மட்டும் வெந்தால் போதும், கடைசியில் பச்சைத் தேங்காய் எண்ணெய். மோர்மிளகாய்க்குப் பதில் அப்பளம். உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், எண்ணெய், இவைதான் பெரும்பாலும் அதில் இருக்கும்.

சுக்குமல்லி கேட்ட தயிருக்கு: 100 கிராம் வேர்க்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோலை உரித்து, 500 மில்லி தண்ணீரில் அரைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடி பிடிக்கும், கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் கழுவிய பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைத்தால் ஏறக்குறைய பத்து மணி நேரத்தில் உறையும். காம்பிலிருக்கும் நுண்ணுயிர்தான் உறை. முதல் தடவை நீர்த்துத்தான் இருக்கும், அதையே உறையாக வைத்து அடுத்த தடவை ஊற்றினால் கெட்டியாகும். ஞாயிறுக்கு வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையே தொடங்குங்கள்.

மயிலை மாமி:
காம்பெல்லாம் எதுக்கு? அரை ஸ்பூன் வீட்டுத் தயிரை உறை குத்தினா கடலைப்பால் கும்முனு உறையும். அவ்வளவு கொஞ்சத்துல என்ன வந்துடப் போறது?

கோவை கிருத்திகா:
மாமி, அரை ஸ்பூனோ அரைப் படியோ, அது பசுவின் பால். தெரியாமல் ஊட்டுவதற்குப் பெயர் விருந்தோம்பல் இல்லை. அவர் நம் வீட்டை நம்பிக் கைநனைக்க வருகிறார்.

மயிலை மாமி:
விருந்தோம்பலை நீ எனக்குச் சொல்லித் தர்றியா?

லேபிள் பார்ப்பவன்:
சீனிக்கும் வருகிறேன். சர்க்கரையை எலும்புக்கரியில் வெளுக்கிறார்கள், ஆகவே வீகனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அது அமெரிக்கக் கரும்பு ரிஃபைனரிகள் சிலவற்றின் வழக்கம். நம் ஆலைகளில் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையும்தான். அந்த வதந்திக்காகப் பயப்பட வேண்டாம்.

யாழ்ப்பாணத்தான்:
சீனியை ஆர் கேட்டது? துழாவினால் ஒரு கொதி வரலாம் எண்டதுக்கு மாஸ்டர் அண்ணை இன்னும் மறுமொழி சொல்லேல்லை. சட்டி பெரிசு எண்டால் துழாவிற கரண்டியும் பெரிசாய்ப் பிடிக்கவேணும்.

பந்தி மாஸ்டர்:
மறுமொழி சொல்லியாச்சு, மேலே படிங்க. உருளியில அடுப்பை அணைச்சிட்டு ஊத்தினா துழாவவே வேண்டாம். வேலையைக் கூட்டிக்கிட்டு அதைத் திறமைன்னு சொல்லக் கூடாது.

சுக்குமல்லி:
தேனுக்கும் காபிக்கும் இன்னும் யாரும் சொல்லவில்லை. பாயசத்துக்கு டெட்ரா பேக் தேங்காய்ப்பால் வாங்கலாமா?

லேபிள் பார்ப்பவன்:
இறைச்சி, மீன், முட்டை, பால் என்று விலங்கிலிருந்து வரும் எல்லாமே விலக்கு. தேனும் விலக்கு. 2022 விதிமுறையிலும் அப்படித்தான். காபிக்குக் கேழ்வரகுப் பாலோ சோயாப் பாலோ தேடி அலைய வேண்டாம். சோயாப் பால் சூடான டிகாக்‌ஷனின் புளிப்புக்கே திரியும். கருப்பட்டிச் சுக்குக்காப்பி கொடுத்துவிடுங்கள். டெட்ரா பேக் வாங்கலாம், பின்பக்கம் படித்துவிட்டு.

பந்தி மாஸ்டர்:
டெட்ரா பேக்ல குவார் கம் மாதிரி கோந்து இருக்கும், அதனால லேசான கொதிக்குத் தாங்கும். ஆனா கெட்டியா இருக்குன்னு அதையே ரெண்டாம் பாலாவும் ஊத்தினா திகட்டிடும். 200 மில்லி பேக் ரெண்டு எடுத்துக்கங்க. ஒண்ணை மூணு பங்கு தண்ணியில கலக்கிப் பருப்புக்கு, இன்னொண்ணை அப்படியே கடைசியில. எட்டுப் பேருக்குப் பருப்பு 150 கிராம், வெல்லம் 300 கிராம். வெல்லம் கொதிக்கும்போதே போகலாம், பயப்பட வேண்டாம்.

மயிலை மாமி:
சுக்குமல்லி, இவா சொல்றதைக் கேட்டு ஞாயித்துக்கிழமை மானம் போகாம பாத்துக்கோ. வெல்லம் ஆறினப்புறம்தான். முந்திரியைக் கொஞ்சூண்டு நெய்ல வறுத்துத் தனிக் கிண்ணத்துல வெச்சுடு, வேணுங்கறவா போட்டுக்கட்டும்.

கோவை கிருத்திகா:
அந்தக் கிண்ணத்துக் கரண்டி பாயசத்துக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்? தேங்காய் எண்ணெயில் வறுங்கள் சுக்குமல்லி, அந்தக் கிண்ணமே வேண்டாம்.

பந்தி மாஸ்டர்:
முந்திரி கிடக்கட்டும். மாமி, "ஆறினப்புறம்"னு திரும்பவும் எழுதியிருக்கீங்க. ஆறின பாயசத்துல 300 கிராம் வெல்லம் எப்படிக் கரையும்? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

மயிலை மாமி:
பொடிச்சுப் போட்டா கரையும்.

நெல்லைச்சீமை:
கரையாது.